கழிக்கப்பட்ட இராணுவ லொறி: வாங்குமுன், திருத்துமுன், மாற்றுமுன்

திருகோணமலையில் கப்பலால் இறங்கும் எதுவும் கடைசியில் ஒரு லொறியில்தான் ஏறுகிறது. சீனக்குடா மா ஆலையின் மூடைகள், சீமெந்து, கொட்பே மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் ஐஸ், கிண்ணியாப் பக்கமிருந்து வரும் மகாவலி மணல், கோடையில் கிராமங்களுக்குப் போகும் குடிதண்ணீர் என்று மாவட்டத்தின் அன்றாடம் கனரக வாகனங்களில் தங்கியிருக்கிறது. சொந்தமாக ஒரு லொறி என்பது இங்கே ஒரு குடும்பத்தை நிமிர்த்தக்கூடிய சொத்து. புதிய லொறிக்குக் காசு போதாதவரின் கண்ணில் படுவது, முப்படையினர் பாவனையிலிருந்து கழித்து ஏலத்தில் விடும் பழைய வாகனம். விலை குறைவு, இரும்பு தடிப்பு, ஓடிய தூரமும் பல வேளைகளில் குறைவு.

அந்த லொறி வாங்கத்தக்கதா, வாங்கினால் எதை மாற்றவேண்டும், எதில் கைவைக்கக் கூடாது என்பவற்றை இந்தக் கட்டுரை தொகுத்துத் தருகிறது. எல்லாவற்றுக்கும் முதல் ஒன்றை மனதில் வைக்கவேண்டும். படையில் இருந்தபோது அந்த லொறிக்குப் பின்னால் ஒரு தொழிற்கூடமும், உதிரிப்பாகக் களஞ்சியமும், சம்பளம் பெறும் திருத்துநர்களும், அரச செலவில் எரிபொருளும் இருந்தன. ஏலத்தில் லொறி மட்டும்தான் வருகிறது. ஆகவே அதை மாற்றியமைப்பது என்பது, ஒரு படைக்காகக் கட்டிய இயந்திரத்தை ஒரு குடும்பத்தின் வருமானத்துக்கும் ஊர்க் கராச்சின் கைக்கும் எட்டுமாறு கொண்டுவரும் வேலை.

போர்கள் விட்டுச்சென்ற வண்டிகள்

இந்தத் துறைமுகத்துக்கு இராணுவ லொறி புதிதல்ல. இரண்டாம் உலகப் போரில் திருகோணமலை பிரித்தானியக் கடற்படையின் முக்கிய தளம். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத் தளத்தையும் தாக்கின. கடற்படைத் தளம் 1957இல்தான் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. அந்தப் போருக்காகக் கனடா மாத்திரம் 8 இலட்சத்துக்கும் மேற்பட்ட இராணுவ வாகனங்களைச் செய்தது. அமெரிக்காவின் ஜி.எம்.சி. இரண்டரைத் தொன் லொறி 5 இலட்சத்துக்கும் மேல் கட்டப்பட்டது. போர் முடிந்தபோது இவற்றைக் கப்பலேற்றித் திருப்பிக் கொண்டுபோவதைவிட, நின்ற இடத்திலேயே விற்றுவிடுவது மலிவாக இருந்தது.

வாங்கியவர்கள் அவற்றைத் தங்கள் தேவைக்கு வெட்டித் தைத்தார்கள். பர்மாவில் போர்க்கால செவ்ரோலெட் லொறிகளின் மேல் மரக்கூடு கட்டிப் பஸ் ஆக்கினார்கள். ரங்கூன் தெருக்களில் அவை அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடின. பிலிப்பைன்ஸில் அமெரிக்கர் விட்டுப்போன ஜீப்புகளை நீட்டிக் கட்டியதில் ஜீப்னி பிறந்தது. மலேசியக் காடுகளில் மரம் இழுப்பதற்குப் போர்க்கால லொறிகளில் இழுவைச் சக்கரம் பூட்டினார்கள். மூன்று இடங்களிலும் வண்டி நிலைத்ததற்கு ஒரே காரணம்: எளிய எஞ்சின், ஏராளமான உதிரிப்பாகம், இல்லாத பாகத்தை லேத்தில் கடைந்துவிடக்கூடிய அமைப்பு.

எமது போரிலும் வாகனங்கள் மாற்றப்பட்டன. 1980களில் தென்னாபிரிக்காவிலிருந்து வந்து, தமிழ்ச் செய்திகளில் ‘பவள்’ என்று பதிந்துபோன கவச வாகனம், மெர்சிடிஸ் யூனிமொக் என்ற லொறியின் சேசியில் கட்டப்பட்டது. கண்ணிவெடியின் விசை பக்கவாட்டில் சிதறுவதற்காக அதன் அடிப்பாகம் வி எழுத்துப்போல அமைந்தது. இலங்கை இராணுவத்தின் மின்சார, இயந்திரப் பொறியியல் படையணி அதைப் பார்த்து யூனிகோர்ன், யுனிபவள் என்ற வாகனங்களை உள்ளூரில் கட்டியது. மறுபுறத்தில், 1991 ஜூலை ஆனையிறவுச் சமரில் விடுதலைப் புலிகள் இரும்புத் தகடு போர்த்திக் கொண்டுவந்த புல்டோசர் இன்றும் ஏ-9 வீதியோரத்தில் நிற்கிறது. கவச வாகனம் எதுவும் பொதுமகனின் கைக்கு வரப்போவதில்லை. ஆனால் அவற்றைக் கட்டியவர்கள் முட்டிமோதிய பிரச்சினை எங்களுக்கும் உண்டு. கூட்டுகிற ஒவ்வொரு கிலோ இரும்பையும் எஞ்சினும் பிரேக்கும் ஸ்பிரிங்கும் சுமக்கவேண்டும்.

தடைக்காலம் கற்றுத்தந்தது

1990 முதல் 2002 சமாதான காலம் வரை வடக்கில் பெற்றோல், டீசல், பற்றரி, உதிரிப்பாகம் என்பன தடைப்பட்ட பொருட்கள். திருகோணமலை மாவட்டத்திலும் மூதூர் கிழக்கு, சம்பூர், ஈச்சிலம்பற்றுப் பக்கங்களுக்குச் சோதனைச் சாவடி தாண்டி ஒரு பற்றரியோ சில லீற்றர் எரிபொருளோ கொண்டுபோவது பெரும்பாடாக இருந்தது. அந்தக் காலத்தில் கராச்சுக்காரர் செய்த வேலைகளில் பலரும் அறிந்தது, பெற்றோல் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டியது. கொஞ்சப் பெற்றோலை விட்டு ஸ்ரார்ட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள்.

எல்லா எஞ்சினிலும் அது நடக்கவில்லை. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் போன்ற பழைய கார்களில்தான் நடந்தது. அவற்றின் அமுக்க விகிதம் குறைவு. மண்ணெண்ணெய் போன்ற தரம் குறைந்த எரிபொருள் நேரத்துக்கு முன் வெடித்துத் தட்டும் ஆபத்து அவற்றில் குறைவு. இரண்டாம் உலகப் போர் லொறிகளின் பெற்றோல் எஞ்சின்களும் இதே காரணத்துக்காகத்தான் குறைந்த அமுக்கத்தில் கட்டப்பட்டன. எந்த நாட்டில் எந்த எரிபொருள் கிடைக்கும் என்று படைகளுக்கு நிச்சயமில்லை. அதற்கு விலையும் இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியாக வடிந்து எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும். ஒயிலைத் தொட்டு முகர்ந்து பார்த்து முன்கூட்டியே மாற்றியவரின் எஞ்சின் தப்பியது. மற்றவரின் பெயாரிங் தேய்ந்தது.

கையில் இருப்பதைக்கொண்டு ஓட்டலாம், ஆனால் அதனால் எது தேயும் என்று தெரிந்துகொண்டு ஓட்டவேண்டும் என்பதே அந்தக் காலத்தின் பாடம். கழிக்கப்பட்ட லொறிக்கும் இது பொருந்தும்.

ஏலமும் பத்திரமும்

முப்படைகளின் கழிக்கப்பட்ட வாகனங்கள் பத்திரிகை அறிவித்தல் மூலம் ஏலத்துக்கோ கேள்விக்கோ வருகின்றன. வண்டியைப் பார்க்குமுன் நிபந்தனைகளை வாசியுங்கள். பதிவு செய்து ஓட்டத்தக்க வாகனமாக விற்கிறார்களா, பழைய இரும்பாக விற்கிறார்களா என்பதே முதல் கேள்வி. பழைய இரும்பாக விற்ற லொறியை எவ்வளவு அழகாகத் திருத்தினாலும் வீதியில் விட முடியாது. அது பிற லொறிகளுக்கு உதிரிப்பாகம் எடுக்க மட்டும் உதவும்.

இராணுவ வாகனம் ‘யு.ஹ’ என்ற எழுத்தோடு படையின் சொந்த இலக்கத்தில் ஓடியது. பொதுமகனின் கையில் அது மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் புதிதாகப் பதியப்படவேண்டும். அதற்கு விற்பனைப் பத்திரம், விடுவிப்புக் கடிதம், சேசி இலக்கம், எஞ்சின் இலக்கம் நான்கும் ஒத்துப்போகவேண்டும். சேசியில் அடித்த இலக்கத்தைக் கம்பித் தூரிகையால் துலக்கி, நீங்களே வாசித்து, பத்திரத்தோடு ஒப்பிடுங்கள். துரு தின்று இலக்கம் மங்கியிருந்தால் அதை நீங்களே திரும்ப அடிக்கக் கூடாது. அது குற்றமாகப் பார்க்கப்படும். திணைக்களத்திடம் கேட்டுச் செய்யுங்கள்.

பதிந்த பிறகு எஞ்சின், நிறம், உடல், இருக்கை, எடை ஆகியவற்றில் செய்யும் மாற்றங்களும் பதிவுப் புத்தகத்தில் ஏறவேண்டும். அத்துடன் தகுதிச் சான்றிதழ், புகைப் பரிசோதனை, காப்புறுதி, மாகாண வருமான அனுமதிப்பத்திரம் எல்லாம் தேவை. 2009இல் முள்ளிவாய்க்கால் கரையில் கைவிட்டுவந்த ஆயிரக்கணக்கான வாகனங்களின் சொந்தக்காரர்களுக்குப் பத்திரத்தின் பெறுமதியைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. எல்லாப் பத்திரங்களுக்கும் பிரதி எடுத்து, வீட்டுக்கு வெளியே உறவினர் ஒருவரிடமும் ஒரு தொகுதி கொடுத்து வையுங்கள்.

இராணுவ லொறி எதில் வேறுபடுகிறது

முதலாவது, சுமை. இராணுவம் சொல்லும் தொன் கணக்கு வீதியற்ற நிலத்துக்கானது. இரண்டரைத் தொன் என்று பெயரிட்ட லொறி நல்ல வீதியில் அதைவிடக் கூடுதலாக ஏற்றும். இதைக் கேட்டுவிட்டுச் சிலர் எல்லையே இல்லையென்று நினைக்கிறார்கள். மணலை நாங்கள் கியூப் கணக்கில் வாங்குகிறோம். ஒரு கியூப் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீற்றர். காய்ந்த மணலே ஏறத்தாழ நாலரைத் தொன் வரும். ஆற்றிலிருந்து ஈரத்தோடு ஏற்றினால் 5 தொன்னைத் தாண்டும். 5 தொன் லொறி ஒரு கியூப்போடு நிறைந்துவிட்டது.

இரண்டாவது, நான்கு சக்கர உந்துகை. முன் அச்சும் பின் அச்சும் ட்ரான்ஸ்பர் பெட்டியால் இறுக்கமாகப் பிணைக்கப்படும் லொறிகளில், தார் வீதியில் முன் உந்துகையைப் போட்டுக்கொண்டு திரும்பினால் நான்கு சக்கரமும் வெவ்வேறு தூரம் ஓட முயலும். மணலில் சக்கரம் வழுக்கி அந்த வித்தியாசம் தீரும். தாரில் அது தண்டிலும் பற்சக்கரத்திலும் முறுக்கமாகச் சேரும். மணலும் சேறும் விட்டு ஏறியதும் முன் உந்துகையை விடுவிக்கவேண்டும்.

மூன்றாவது, மின்சாரம். பெரும்பாலான பிற்கால இராணுவ லொறிகள் 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் பற்றரிகள் தொடராக இணைந்திருக்கும். பாட்டுப் பெட்டிக்கும் போன் சார்ஜருக்கும் ஒரு பற்றரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்தால், ஒன்று வெறுமையாக மற்றது கூடுதலாகச் சார்ஜ் ஆகி இரண்டும் கெடும். 24இலிருந்து 12க்கு மாற்றும் சிறு கருவியைப் பூட்டுங்கள்.

நான்காவது, பாகங்களின் பூர்வீகம். டாட்டா 1954 முதல் 1969 வரை மெர்சிடிஸ் நிறுவனத்தோடு கூட்டாக லொறி செய்தது. பின்னர் வந்த அதன் எஞ்சின்கள் அந்த வழிவந்தவை. சென்னை எண்ணூரில் தொடங்கிய அசோக் நிறுவனம் 1955இல் பிரித்தானிய லேலண்டோடு இணைந்தது. அதன் இலங்கைக் கிளையான லங்கா அசோக் லேலண்ட் 1982 முதல் இயங்குகிறது. ஏலத்தில் நிற்கும் லொறியின் எஞ்சின் இந்தக் குடும்பங்களில் ஒன்றாக இருந்தால், வடிகட்டி முதல் பிஸ்டன் வரை பஸ்காரர் வாங்கும் கடையிலேயே கிடைக்கும். யூனிமொக் போன்ற அபூர்வ வண்டியின் சக்கர மையத்துப் பற்சக்கரம் ஒன்று உடைந்தால், லொறி மாதக்கணக்கில் மரத்தடியில் நிற்கும்.

வாங்குமுன் பார்க்கவேண்டியவை

மீற்றரில் குறைந்த கிலோமீற்றரைக் கண்டு மயங்காதீர்கள். ஓடித் தேயாத லொறி நின்று கெட்டிருக்கும்.

சேசி: சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு மணிபோல் ஒலிக்கும். துரு தின்ற இடம் மந்தமாக ஒலிக்கும். துறைமுகப் பகுதியில் உப்புக் காற்றுப் பட்டு நின்ற வண்டியில் இரண்டு தகடுகள் ஒட்டும் இடம், ஸ்பிரிங் தாங்கி, யூ பொல்ட், பெட்டியின் அடி ஆகியவை முதலில் போகும்.

ரயர்: பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 1412 என்றால் 2012ஆம் ஆண்டின் 14ஆம் வாரம். பல்லு ஆழமாக இருந்தாலும் பத்து வருடம் கடந்த ரயரில் நம்பிச் சுமையேற்ற முடியாது. ஆறு ரயரின் விலையையும் லொறியின் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

எஞ்சின்: குளிர்ந்த நிலையில் உங்கள் முன்னால் ஸ்ரார்ட் செய்யச் சொல்லுங்கள். நீலப் புகை ஒயில் எரிவதைக் காட்டும். சூடான பிறகும் விடாத வெள்ளைப் புகை தண்ணீர் உள்ளே போவதையோ டீசல் எரியாமல் வருவதையோ காட்டும். சுமையில்லாமலே கரும்புகை வந்தால் பம்பையும் நொசிலையும் பார்க்கவேண்டும். ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் காற்று குபுகுபுவென்று அடிக்கிறதா என்றும் பாருங்கள். அடித்தால் பிஸ்டன் வளையம் தேய்ந்துவிட்டது.

அச்சுகள்: டிபரன்ஷல் ஒயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால்போல் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அச்சின் மேலுள்ள சிறு மூச்சுக்குழாய் அடைபட்டிருந்தால், சூடான அச்சு தண்ணீரில் இறங்கிக் குளிரும்போது சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். வெயிலில் ஓடும்போது அதே அடைப்பு ஒயிலை வெளியே தள்ளிப் பிரேக் லைனிங்கை நனைக்கும். ஒரு கம்பியால் குத்தித் துப்புரவாக்கினால் தீரும் விஷயம் இது.

பிரேக்: காற்றுப் பிரேக் என்றால் அமுக்கத்தை முழுதாக ஏற்றி, எஞ்சினை நிறுத்தி, முள் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பாருங்கள். கசிவைச் சவர்க்கார நீர் காட்டிக்கொடுக்கும்.

முதல் மாதமும் அதற்குப் பின்னும்

நின்ற லொறியை வாங்கியதும் ஓடிப் பார்க்காமல் ரப்பர் எல்லாவற்றையும் மாற்றுங்கள்: பிரேக் ஹோஸ், சிலிண்டர் சீல், ரேடியேற்றர் குழாய், டீசல் குழாய், பெல்ட். பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அதை முழுதாக இறக்கி, குழாய்களைக் கழுவி, புதிதாக விட்டு, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். டீசல் தாங்கியை இறக்கிக் கழுவுங்கள். அடியில் சேர்ந்த தண்ணீரும் துருவும் ஒரே நாளில் இன்ஜெக்‌ஷன் பம்பைத் தின்றுவிடும். அந்தப் பம்பின் திருத்தச் செலவுதான் பல லொறிகளைக் கைவிட வைக்கிறது.

தினமும் காலையில் எஞ்சின் ஒயில், ரேடியேற்றர் தண்ணீர், ரயர், விளக்கு. மாலையில் காற்றுத் தாங்கியின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுங்கள். வாரம் ஒருமுறை கிறீஸ் அடித்து, சக்கர நட்டையும் யூ பொல்ட்டையும் இறுக்கிப் பாருங்கள். கடற்கரையிலோ களப்போரத்திலோ வேலை செய்த நாளில் வண்டியின் அடியை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். மேலே பூசும் நிறத்தைவிட அடியில் ஊற்றும் நல்ல தண்ணீர் சேசியைக் காக்கும். இவற்றை ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதுங்கள். அடுத்தமுறை விற்கும்போது அந்தக் கொப்பிக்கும் விலை உண்டு.

மாற்றங்கள்

எஞ்சின்: பழைய பெற்றோல் எஞ்சினை எடுத்து டீசல் பூட்டுவது உலகம் முழுவதும் நடந்த மாற்றம். 1937இல் வந்த பேர்க்கின்ஸ் பி6 டீசல் எஞ்சின் இதற்குப் பேர்போனது. டீசல் எஞ்சினின் உச்சச் சுழற்சி பெற்றோல் எஞ்சினைவிடக் குறைவு. அதனால் பழைய கியர்பொக்ஸையும் டிபரன்ஷலையும் வைத்துக்கொண்டு எஞ்சினை மட்டும் மாற்றினால் இழுவை கூடும், வேகம் குறையும். டீசலின் முறுக்குவிசையைப் பழைய கியர்பொக்ஸ் தாங்குமா என்பதும் கேள்வி. எஞ்சின், கிளச், கியர்பொக்ஸ் மூன்றையும் ஒரே லொறியிலிருந்து ஒரு தொகுதியாக எடுப்பதே நல்லது.

சேசி: இராணுவ லொறி கட்டையானது. பெட்டியை நீட்ட ஆசை வரும். சேசியைக் குறுக்கே நேராக வெட்டி ஒட்டினால் அந்தக் கோட்டிலேயே முறியும். சரிவாக வெட்டி, உட்புறம் தகடு வைத்து, அத்தகட்டின் முனைகளையும் சரிவாக முடிக்கவேண்டும். சேசியின் மேல், கீழ் விளிம்புகளில் துளையிடக் கூடாது; வெல்டிங் பிடிக்கவும் கூடாது. நீட்டியதும் உந்துதண்டுக்கு நடுவில் ஒரு தாங்கி வேண்டும். பிரேக் குழாய்க்கும் புதிய நீளம் வேண்டும். வெல்டிங் செய்யுமுன் பற்றரியையும் ஒல்டனேற்றரையும் கழற்றிவிடுங்கள்.

பெட்டி: 5 மில்லிமீற்றர் இரும்புத் தகடு ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 39 கிலோ. 6 மீற்றர் நீளம், 2.3 மீற்றர் அகலமான தரைக்கு மட்டும் 540 கிலோ வரும். அவ்வளவு சுமைக் கூலியை ஒவ்வொரு பயணத்திலும் இழக்கிறீர்கள். மணலுக்கு அது தேவை. மா மூடைக்கு மரப்பலகை போதும்.

சக்கரம்: பெரிய ஒற்றைச் சக்கரத்தைக் கழற்றிப் பின்னால் இரட்டைச் சக்கரம் பூட்டுவது இங்கே கிடைக்கும் ரயருக்காக. உயரமான 14.00-20 ரயருக்குப் பதிலாக 10.00-20 பூட்டினால் விட்டம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறையும். அந்த அளவுக்கு வேகமும் குறையும்; வேகமானி கூடக் காட்டும்.

தண்ணீர் பவுசர்: 5,000 லீற்றர் தண்ணீர் என்றால் 5 தொன். நிறைந்த தாங்கியைவிட அரைவாசித் தாங்கி ஆபத்தானது. வளைவில் தண்ணீர் ஒரு பக்கமாகப் பாய்ந்து வண்டியைப் புரட்டும். உள்ளே துளையிட்ட தடுப்புத் தகடுகள் இல்லாத பவுசரை ஓட்டக் கூடாது. எரிபொருள் ஏற்றிய தாங்கியை எத்தனை முறை கழுவினாலும் குடிதண்ணீருக்குப் பாவிக்கக் கூடாது.

நிறம்: இதற்குச் சட்டத்துக்கு அப்பால் ஒரு காரணம் உண்டு. சுற்றிவளைப்பு நாட்களில் ஊர் இளைஞர்கள் ஏற்றப்பட்டது இந்தப் பச்சை ட்ரக்குகளில். இரவில் ஒழுங்கை முகப்பில் அதே எஞ்சின் சத்தத்தோடு அதே பச்சை வந்து நின்றால், தண்ணீர்தான் கொண்டுவந்திருந்தாலும், உள்ளே ஒரு தாய்க்கு நெஞ்சு அடைக்கும். நீலமோ மஞ்சளோ பூசி, சொந்தக்காரரின் பெயரையும் ஊரையும் கதவில் தமிழில் பெரிதாக எழுதுங்கள். நிறமாற்றத்தைப் பதிவுப் புத்தகத்திலும் ஏற்றுங்கள்.

உயிராபத்தான நான்கு இடங்கள்

ஒன்று, இரண்டு துண்டாகப் பிரியும் சக்கர வளையம். பழைய பிரித்தானிய, கனேடிய இராணுவ வண்டிகளில் இரு பாதிகளைப் பொல்ட் போட்டு இணைத்த சக்கரங்கள் உண்டு. சக்கரத்தை வண்டியில் பிடிக்கும் நட்டுகள் வேறு, இரு பாதிகளைப் பிடிக்கும் நட்டுகள் வேறு. பிரித்தானியப் படையில் இரண்டாவது வகைக்குச் சிவப்புப் பூசினார்கள். காற்று இருக்கும்போது அவற்றைத் தளர்த்தினால் வளையம் வெடித்துப் பறந்து ஆளைக் கொல்லும். பல கைமாறிய வண்டியில் அந்தச் சிவப்பு மறைந்திருக்கும், திரும்பப் பூசுங்கள். பூட்டுவளையம் போட்ட சக்கரத்துக்கு இரும்புக் கூட்டுக்குள் வைத்தே காற்றடியுங்கள்.

இரண்டு, எரிபொருள் தாங்கி. வருடக்கணக்கில் வெறுமையாகக் கிடந்த தாங்கியிலும் ஆவி இருக்கும். வெல்டிங் பொறி பட்டால் அது குண்டு.

மூன்று, பழைய பிரேக் லைனிங்கும் கஸ்கற்றும். இவற்றில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம். பிரேக் தூசைக் காற்றடித்து ஊதாதீர்கள்; ஈரத் துணியால் துடையுங்கள். அந்தத் தூசின் நோய் பல பத்தாண்டுகள் கழித்து நுரையீரலில் தெரியும்.

நான்கு, வெடிக்காத பொருட்கள். போர் நடந்த நிலத்தில் கைவிடப்பட்ட வண்டியிலோ பழைய இரும்புக் குவியலிலோ உதிரிப்பாகம் தேடுபவர்கள் இருக்கைக்குக் கீழும் கருவிப் பெட்டிக்குள்ளும் கைவிடுமுன் கண்ணால் பாருங்கள். தெரியாத உலோகப் பொருள் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, பொலிஸாருக்கோ கிராம சேவையாளருக்கோ அறிவியுங்கள். கண்ணிவெடி அகற்றலை ஒருங்கிணைக்கும் தேசிய நிலையத்துக்கு அவர்கள் தகவல் கொடுப்பார்கள். எங்கள் பிள்ளைகளில் சிலர் பழைய இரும்புக்காக விரலையும் கண்ணையும் இழந்தவர்கள்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கும் கதவு திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடத்தில் ஓடக்கூடிய எந்தப் பழைய லொறிக்கும் விலை ஏறியது. கழித்த இராணுவ லொறியின் மேல் ஆசை கூடியதற்கு அதுவும் காரணம்.

ஆனால் எரிபொருளைக் கணக்கில் எடுங்கள். லீற்றருக்கு 3 கிலோமீற்றர் ஓடும் கனமான நான்கு சக்கர உந்துகை லொறி மாதம் 2,000 கிலோமீற்றர் ஓடினால் ஏறக்குறைய 667 லீற்றர் டீசல் குடிக்கும். 5 கிலோமீற்றர் ஓடும் சாதாரண லொறிக்கு 400 லீற்றர் போதும். வித்தியாசம் மாதம் 265 லீற்றருக்கு மேல். 2022 நெருக்கடியில் கியூ.ஆர். முறை வந்தபோது லொறிக்கு ஆரம்பத்தில் கிடைத்தது வாரம் 50 லீற்றர். 3 கிலோமீற்றர் லொறி அதில் 150 கிலோமீற்றர் ஓடும். திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு ஒருவழித் தூரமே சுமார் 260 கிலோமீற்றர்.

ஆகவே மூடை ஏற்றிக் கொழும்பு ஓடுவதற்கு இந்த லொறி வேண்டாம். வீதி முடிந்த இடத்தில் வேலை இருப்பவருக்கு அது பொருந்தும்: வள்ளத்தைக் கரைக்கு இழுப்பது, மாரியில் சேறான வயலிலிருந்து நெல் எடுப்பது, ஒற்றையடிப் பாதைக் கிராமத்துக்குத் தண்ணீர் கொண்டுபோவது. ஏல விலையளவு பணத்தைத் திருத்தத்துக்கும் ஒதுக்கிவைத்துவிட்டு ஏலத்துக்குப் போங்கள். இரண்டையும் சேர்த்தால் ஒரு நல்ல பழைய டாட்டாவின் விலை வருகிறதென்றால், டாட்டாவை வாங்குங்கள்.

கராச்சில் இருக்கும் அறிவு

மேலே சொன்ன வேலைகளை நம்பி ஒப்படைக்க ஆள் வேண்டும். தடைக்காலத்தில் பழைய எஞ்சின்களை உயிரோடு வைத்திருந்த திருத்துநர்களுக்கு இன்று அறுபது, எழுபது வயது. இடம்பெயர்விலும் முகாமிலும் படிப்பைத் தொலைத்த பலர் அவர்களிடம் தொழில் பழகினார்கள். கையில் வேலை இருக்கிறது, சான்றிதழ் இல்லை. பாடசாலைச் சான்று இல்லாதவர்களுக்கும் முன் அனுபவத்தைப் பரிசோதித்துத் தேசிய தொழிற் தகைமை வழங்கும் முறை இலங்கையில் இருக்கிறது. வகுப்புக்குப் போகத் தேவையில்லை. செய்த வேலையின் ஆதாரங்களைக் காட்டி, மதிப்பீட்டாளர் முன் செய்து காட்டவேண்டும். மாவட்டத் தொழிற்பயிற்சி அதிகார சபை அலுவலகத்திலோ பிரதேச செயலகத்திலோ விசாரிக்கலாம். வங்கிக் கடனுக்கும் வெளிநாட்டு வேலைக்கும் அந்தத் தகைமை உதவும்.

லொறியைக் கொண்டுபோய் விடும்போது உங்கள் மெக்கானிக்கிடம் இந்தச் செய்தியையும் சொல்லுங்கள். திருத்தும்போது படம் எடுத்து, எந்தப் பாகத்துக்குப் பதிலாக எதைப் பூட்டினார் என்று உங்கள் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். அவருக்கு அது மதிப்பீட்டாளர் முன் வைக்கும் ஆதாரம். அடுத்த பத்து வருடத்தில் அதே பாகம் மீண்டும் தேயும்போது, அவர் இல்லாவிட்டாலும், புதிதாக வருபவர் அந்தப் பக்கத்தைப் பார்த்து வேலையைத் தொடங்கலாம்.